என்ஜின் ஆயில்: அடர்த்தி வேறு, கிரேடு வேறு

ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் “கொஞ்சம் கனமான ஆயிலா குடுங்க” என்று கேட்டால் 20டபிள்யூ-50 கேன் மேசைக்கு வரும். டிரம்மிலிருந்து லூஸாக விற்கும் இடத்தில் கனம் என்றால் கிலோ. முதல் கனம் ஆயிலின் பாகுத்தன்மை, அதாவது எவ்வளவு கெட்டியாக, மெதுவாக ஓடுகிறது என்பது. இரண்டாவது கனம் அடர்த்தி, அதாவது ஒரு லிட்டர் எத்தனை கிராம் என்பது. இவ்விரண்டும் ஒன்று என்று நம்பித்தான் பலர் என்ஜினுக்குப் பொருந்தாத கிரேடை ஊற்றுகிறார்கள். லிட்டரையும் கிலோவையும் ஒன்றாக வைத்துக் கணக்குப் போட்டு அளவிலும் ஏமாறுகிறார்கள்.

இரண்டும் எவ்வளவு தூரம் விலகி நிற்கும் என்பதற்குச் சமையலறையிலேயே சான்று இருக்கிறது. லிட்டருக்குக் கிலோ கணக்கில் விளக்கெண்ணெயின் அடர்த்தி சுமார் 0.96, கடலை எண்ணெயின் அடர்த்தி சுமார் 0.91. எடையில் வித்தியாசம் ஐந்தாறு சதவீதம்தான். ஆனால் சாதாரண வெப்பத்தில் விளக்கெண்ணெய் ஏறத்தாழ பத்து மடங்கு கெட்டி. என்ஜின் ஆயிலில் சில நேரம் இது தலைகீழாகவே இருக்கும். முழு சிந்தெடிக் 5டபிள்யூ-50 ஆயில் 0.855 அடர்த்தியில் கிடைக்கும்; மினரல் 10டபிள்யூ-30 ஆயில் 0.872 இருக்கும். சூடான என்ஜினில் கெட்டியாக நிற்பது முதலாவது. தராசில் அதிகம் நிற்பது இரண்டாவது.

கேனில் உள்ள எண்கள்

10டபிள்யூ-30 என்பதில் எந்த எண்ணும் எடையைச் சொல்லவில்லை. வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்.ஏ.இ.யின் ஜே300 என்ற தரநிலை வகுத்த பாகுத்தன்மை வகுப்புகள் அவை. கடைசி எண் 100 டிகிரி செல்சியஸில் ஆயில் எப்படி ஓடுகிறது என்பதைக் குறிக்கும். அலகு செண்டிஸ்டோக், எண் கூடினால் ஆயில் கெட்டி:

20 என்றால் 6.9 முதல் 9.3க்குள்
30 என்றால் 9.3 முதல் 12.5க்குள்
40 என்றால் 12.5 முதல் 16.3க்குள்
50 என்றால் 16.3 முதல் 21.9க்குள்

ஒவ்வொரு வகுப்பும் ஒரு வரம்பு என்பதைக் கவனியுங்கள். 12.3 உள்ள ‘30’ ஆயிலும் 12.7 உள்ள ‘40’ ஆயிலும் நடைமுறையில் ஒன்றுதான். அதே வகுப்புக்குள் 9.5 உள்ள ‘30’ ஆயிலுக்கும் 12.3 உள்ள ‘30’ ஆயிலுக்கும் நல்ல இடைவெளி உண்டு. அதனால் கேனின் முகப்பை மட்டும் பார்க்காமல் தயாரிப்பாளரின் டேட்டா ஷீட்டில் 100 டிகிரி எண்ணைப் பார்ப்பது பயன் தரும். பெரும்பாலான கம்பெனிகள் அதை இணையத்தில் வைத்திருக்கின்றன. அடர்த்தியும் அதே தாளில், 15 டிகிரிக்கான மதிப்பாக இருக்கும்.

டபிள்யூ-வுக்கு முன்னால் உள்ள எண் குளிர்காலத்துக்கானது. குளிரில் என்ஜின் சுற்றுமா, பம்ப் ஆயிலை இழுக்குமா என்ற சோதனையின் விளைவு அது. என்ஜின் சுற்றுமா என்பதை 20டபிள்யூ ஆயிலுக்கு மைனஸ் 15 டிகிரியிலும், 10டபிள்யூ ஆயிலுக்கு மைனஸ் 25 டிகிரியிலும் சோதிக்கிறார்கள். லடாக்கில் ஜனவரியில் வண்டி ஓட்டுபவருக்கு இது வாழ்வா சாவா என்ற கேள்வி. ஊட்டியின் உறைபனிக் காலையில்கூட 20டபிள்யூ ஆயில் ஸ்டார்ட் ஆக மறுக்காது. ஆனாலும் 10டபிள்யூ-30 ஆயில் 40 டிகிரியில் சுமார் 70 செண்டிஸ்டோக். 20டபிள்யூ-50 ஆயில் அதே வெப்பத்தில் சுமார் 160. காலையில் முதல் உதைக்குப் பிறகு மேலே உள்ள கேம்ஷாஃப்டுக்கு ஆயில் போய்ச் சேரும் வேகத்திலும், குளிர்ந்த என்ஜின் இழுக்கும் பெட்ரோலிலும் இந்த வித்தியாசம் தெரியும். “நம்ம ஊர் வெயிலுக்கு 50தான் சரி” என்று 10டபிள்யூ-30 கேட்கும் வண்டிக்கு 20டபிள்யூ-50 ஊற்றுவது பழைய பழக்கம். அந்த என்ஜினின் ஆயில் வழிகளும் பம்பும் பேரிங் இடைவெளிகளும் 30-ஐ மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. வண்டிக் கையேடு சொல்வதே கணக்கு.

கியர் ஆயிலின் எண்கள் வேறு அளவுகோலைச் சேர்ந்தவை (எஸ்.ஏ.இ. ஜே306). 80டபிள்யூ-90 கியர் ஆயில் 100 டிகிரியில் என்ஜின் ஆயிலின் 40–50 அளவுக்குத்தான் கெட்டி. கம்ப்ரஸர், ஹைட்ராலிக் ஆயில்களின் வி.ஜி. (பாகுத்தன்மை வகுப்பு) எண் 40 டிகிரியில் எடுத்த செண்டிஸ்டோக், வி.ஜி. 100 ஏறத்தாழ எஸ்.ஏ.இ. 30க்குச் சமம். பைக்கின் முன் ஃபோர்க்கில் ஊற்றும் ஆயிலின் எண்களைக் கம்பெனிக்குக் கம்பெனி ஒப்பிடவே முடியாது; டேட்டா ஷீட்டைப் பார்த்து செண்டிஸ்டோக்கை ஒப்பிடுங்கள்.

அடர்த்தி எந்த அளவில் இருக்கும்

15 டிகிரியில், லிட்டருக்குக் கிலோ கணக்கில், பெரும்பாலும் காணப்படுபவை:

0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 முழு சிந்தெடிக்: 0.84 – 0.86
10டபிள்யூ-30, 10டபிள்யூ-40: 0.86 – 0.875
15டபிள்யூ-40 டீசல் ஆயில்: 0.87 – 0.885
20டபிள்யூ-40, 20டபிள்யூ-50 மினரல்: 0.875 – 0.895

கிரேடு ஏற ஏற அடர்த்தியும் ஏறுவதுபோல இந்தப் பட்டியல் தோற்றம் தரும். உண்மையில் இங்கே மாறுவது அடிப்படை எண்ணெய். பழைய முறையில் சுத்திகரித்த மினரல் எண்ணெயில் வளைய மூலக்கூறுகள் அதிகம். அவை நெருக்கமாக அடுக்கி நிற்பதால் அடர்த்தி கூடும். சிந்தெடிக்கில் நீண்ட சங்கிலி மூலக்கூறுகளே பெரும்பான்மை. அவை இடம் விட்டு நிற்கும். எஸ்டர் என்ற சேர்ம வகை கலந்த ஆயிலில் ஆக்சிஜன் இருப்பதால் அடர்த்தி மறுபடி ஏறும். ஆக, ஓர் ஆயில் எதிலிருந்து செய்யப்பட்டது என்பதற்கு அடர்த்தி ஒரு சிறு தடயம். எவ்வளவு நல்லது என்பதற்கு அது அளவுகோல் அல்ல.

வீட்டில் அளப்பது எப்படி

1 கிராம் காட்டும் டிஜிட்டல் சமையல் தராசு, கழுத்து ஒடுங்கிய அரை லிட்டர் கண்ணாடி பாட்டில், தெர்மாமீட்டர், மார்க்கர் பேனா, நல்ல தண்ணீர். இவை போதும். பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம். பிடிக்கும்போது ஒடுங்கி, நிரப்பும்போது உப்பி, கொள்ளளவு மாறிக்கொண்டே இருக்கும். 100 மி.லி. அளவு ஜாடியும் வேண்டாம். அதில் ஒரு கிராம் பிழை என்றால் அடர்த்தியில் 0.01 பிழை, சிந்தெடிக்கையும் மினரலையும் பிரித்துச் சொல்லக்கூட முடியாது. அரை லிட்டரில் அதே ஒரு கிராம் பிழை 0.002 ஆகச் சுருங்கிவிடும்.

1. பாட்டிலைக் கழுவி முழுதாகக் காயவைத்து, கழுத்தில் மெல்லிய கோடு போட்டு, காலியாக எடை போடுங்கள். 310 கிராம் என்று வைத்துக்கொள்வோம்.

2. கோடு வரை தண்ணீர் ஊற்றி எடை போடுங்கள். 812 கிராம் என்றால் தண்ணீர் 502 கிராம். அறை வெப்பத்தில் தண்ணீரின் அடர்த்தி சரியாக 1 அல்ல. 25 டிகிரியில் 0.997, 30இல் 0.996, 35இல் 0.994. தண்ணீர் 32 டிகிரியில் இருந்தால் 502-ஐ 0.995ஆல் வகுங்கள்: 504.5 மி.லி. இதுதான் உங்கள் பாட்டிலின் உண்மையான கொள்ளளவு. பாட்டிலின் மேல் அச்சிட்ட ‘500’ ஐ நம்ப வேண்டாம்.

3. தண்ணீரைக் கொட்டி, ஒரு சொட்டும் இல்லாமல் காயவையுங்கள். உள்ளே ஈரம் இருந்தால் ஆயில் கலங்கும், எடையும் தப்பும்.

4. ஆயிலை பாட்டிலின் சுவரோரமாக மெதுவாக ஊற்றி, அரை மணி நேரம் விடுங்கள். குலுக்கிய கேனிலிருந்து ஊற்றிய ஆயிலில் கண்ணுக்குத் தெரியாத காற்றுக் குமிழிகள் நிறைய இருக்கும். 20டபிள்யூ-50 போன்ற கெட்டி ஆயிலில் அவை மேலே வர நேரமாகும். அடர்த்தி குறைவாக வருவதற்கு மிகச் சாதாரணமான காரணம் இதுதான்.

5. கோட்டுக்குச் சரியாக நிரப்பி எடை போட்டு, உடனே வெப்பத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். 744 கிராம் வந்தால் ஆயில் 434 கிராம். 434 ÷ 504.5 = 0.860.

இது 32 டிகிரியில் உள்ள அடர்த்தி. டேட்டா ஷீட்டோடு ஒப்பிட 15 டிகிரிக்கு மாற்ற வேண்டும். என்ஜின் ஆயில் ஒரு டிகிரிக்குச் சுமார் 0.00065 குறையும். 17 டிகிரி வித்தியாசத்துக்கு 0.011 சேர்த்தால் 0.871. ஷீட்டில் 0.872 என்று இருந்தால் அளவு பொருந்துகிறது. 0.005 வரை விலகல் பேட்ச் மாற்றத்திலும் உங்கள் கைப்பிழையிலும் அடங்கிவிடும். 0.01க்கு மேல் விலகினால் ஒருமுறை திரும்ப அளந்து பாருங்கள். மறுபடி அதே எண் வந்தால்தான் சந்தேகப்படலாம்.

பெட்ரோல் பங்க்கில் டென்சிட்டி பார்க்கும் ஹைட்ரோமீட்டர் கைக்குக் கிடைத்தாலும் அதே கொள்கைதான். ஆனால் பெட்ரோலுக்கான ஹைட்ரோமீட்டர் ஆயிலில் அளவுக்கு மேல் மிதந்து நிற்கும்; ஆயிலுக்கு 850–900 அளவுள்ள மிதவை வேண்டும். கெட்டி ஆயிலில் மிதவை நிலைக்கு வரச் சில நிமிடங்கள் பிடிக்கும். ஆடிக்கொண்டிருக்கும்போது படித்த எண் பயனற்றது. பங்க்கில் உள்ள பெட்ரோல் அட்டவணையை வைத்து ஆயிலை 15 டிகிரிக்கு மாற்றவும் கூடாது. பெட்ரோல் ஆயிலைவிட வேகமாக விரியும்.

அமெரிக்கக் கம்பெனிகளின் ஷீட்டில் அடர்த்திக்குப் பதிலாக ஏ.பி.ஐ. கிராவிட்டி என்ற வேறு அளவு இருக்கலாம். 141.5-ஐ (கிராவிட்டி + 131.5) ஆல் வகுத்தால் ஒப்படர்த்தி, அதாவது தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி, வரும். 30.2 என்றால் 0.875. எண் கூடினால் ஆயில் லேசானது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

எடை போட்டு ஊற்றுவது

பைக்குக்கு 800 மி.லி. வேண்டும், கையில் 1 லிட்டர் கேன் இருக்கிறது. கேனின் பக்கவாட்டுக் கோட்டை வைத்து ஊகிப்பதைவிட தராசு துல்லியம். 800 × 0.861 = 689 கிராம். புனலோடு கூடிய ஜாடியைத் தராசில் வைத்து, பூஜ்யமாக்கி, 689 கிராம் வரை ஊற்றுங்கள். பயன்படுத்த வேண்டியது அன்றைய வெப்பத்துக்கான அடர்த்தி. 15 டிகிரி எண் அல்ல. ஜாடியில் ஒட்டி நிற்பதையும் கணக்கில் சேர்க்க, ஊற்றி முடித்த ஜாடியை மறுபடி எடை போட்டு, உள்ளே ஒட்டியிருக்கும் அளவை மட்டும் கூடுதலாக என்ஜினில் ஊற்றுங்கள்.

கேனில் அளவு சரியாக இருந்ததா என்பதையும் இப்படியே பார்க்கலாம். சீல் உடைக்காத கேனை எடை போட்டு, என்ஜினில் ஊற்றி, பத்து நிமிடம் தலைகீழாக வடியவிட்டு, காலிக் கேனையும் மூடியையும் சீல் தகடையும் எடை போடுங்கள். வித்தியாசம் உள்ளே போன ஆயில். 32 டிகிரியில் 1 லிட்டர் மினரல் 10டபிள்யூ-30 சுமார் 860 கிராம் இருக்க வேண்டும். “ஒரு லிட்டர் கேன், ஒரு கிலோ கூட இல்லையே” என்று கடையில் சண்டை போடுவது வீண். ஒரு கிலோ ஆயில் வேண்டுமென்றால் அது ஏறத்தாழ 1.16 லிட்டர். 1 லிட்டர் பேக்கில் 15 மி.லி. வரை குறைவதைப் பொட்டல விதிகள் பிழையாக ஏற்கின்றன. 830 கிராம்தான் வருகிறது என்றால் கேள்வி கேட்க உங்களுக்கு நியாயம் உண்டு.

விலை ஒப்பிடும்போதும் இது உதவும். கிலோ 240 ரூபாய் என்றால் லிட்டர் 240 × 0.865, அதாவது 207 ரூபாய் 60 காசு. லிட்டர் 220 என்று விற்பவரைவிட கிலோ 240 என்று விற்பவரிடம் விலை குறைவு. 210 லிட்டர் டிரம்மில் உள்ள ஆயில் மட்டும் 180 கிலோவுக்கு மேல். இரும்பு டிரம்மோடு 200 கிலோவை நெருங்கும். அதைத் தூக்க நினைக்க வேண்டாம், டிராலி வேண்டும்.

தராசின் சிறந்த பயன் இன்னொன்று. என்ஜின் ஆயில் குடிக்கிறதா என்பதை அது தெளிவாகக் காட்டும். ஒவ்வொரு சர்வீஸிலும் உள்ளே போன எடையையும் வெளியே வந்த எடையையும் எழுதி வையுங்கள். இடையில் டாப்-அப் செய்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வடிக்கும்போது என்ஜினுக்குள் கொஞ்சம் ஒட்டி நின்றுவிடும். முதல் கணக்கில் அது தவறாகத் தெரியும். ஆனால் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ அதே அளவுதான் நிற்கும் என்பதால் இரண்டாவது சர்வீஸிலிருந்து அந்தப் பிழை தன்னால் கழிந்துவிடும். இதற்கு நிபந்தனை, வடிக்கும் முறை மாறக்கூடாது. என்ஜின் சூடாக இருக்கும்போது, அதே ஸ்டாண்டில், அதே இருபது நிமிடம் வடிய வேண்டும். ஃபில்டரை மாற்றினால் பழைய ஃபில்டரிலிருந்து வடிந்ததையும் சேர்க்க வேண்டும். 700 கிராம் போய் 610 கிராம் வந்தால் 90 கிராம், அதாவது 100 மி.லி.க்குச் சற்றுக் கூடுதலாகக் குறைந்திருக்கிறது. அடுத்தடுத்த சர்வீஸில் இந்த எண் ஏறிக்கொண்டே போனால் பிஸ்டன் ரிங்கையோ வால்வு சீலையோ பார்க்க வேண்டிய நேரம். வடித்த ஆயிலை மண்ணிலோ சாக்கடையிலோ கொட்டாமல், மூடிய கேனில் சேர்த்து, பழைய ஆயில் வாங்க அனுமதி பெற்றவரிடம் கொடுங்கள்.

சூட்டில் டிப்ஸ்டிக் ஏன் ஏறுகிறது

30 டிகிரியில் ஊற்றிய 4 லிட்டர் ஆயில் 95 டிகிரிக்குப் போனால் சுமார் 200 மி.லி. விரியும். எடை அப்படியே இருக்கும், அடர்த்தி குறையும், மட்டம் உயரும். பல கார்களில் டிப்ஸ்டிக்கின் மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் இடையே ஏறத்தாழ 1 லிட்டர் என்பதால், இந்த விரிவு மட்டும் அந்த இடைவெளியில் ஐந்தில் ஒரு பங்கு. குளிர்ந்த என்ஜினில் மேல் கோடு வரை நிரப்பிவிட்டு ஹைவேயில் இறங்கினால் ஆயில் கோட்டைத் தாண்டும். அளவுக்கு மேல் நிற்கும் ஆயிலை கிராங்க் அடித்து நுரையாக்கும். நுரையை பம்ப் சரியாக அழுத்தாது. கையேடு எந்த வெப்பத்தில், நிறுத்தி எத்தனை நிமிடம் கழித்துப் பார்க்கச் சொல்கிறதோ அப்போது பாருங்கள். பைக்கில் டிப்ஸ்டிக்கைத் திருகிப் பார்ப்பதா, சும்மா வைத்துப் பார்ப்பதா என்பதும் மாடலுக்கு மாடல் மாறும். தவறாகப் பார்த்தால் மட்டமே தப்பாகத் தெரியும்.

அடர்த்தி காட்டாதவை

ஆயிலில் பெட்ரோல் இறங்கிவிட்டதா என்று அடர்த்தி பார்த்துக் கண்டுபிடிக்க நினைப்பவர்கள் உண்டு. 0.87 அடர்த்தியுள்ள ஆயிலில் 5 சதவீதம் பெட்ரோல் (சுமார் 0.74) கலந்தால் அடர்த்தி 0.8635 ஆகும். 0.0065 வித்தியாசம் சமையல் தராசின் எல்லையில் நிற்பது. பழைய ஆயிலில் சேர்ந்த கரியும் அழுக்கும் அதைச் சமன்செய்துவிடவும் கூடும். ஆனால் அதே 5 சதவீதம் பாகுத்தன்மையை நன்றாக இறக்கியிருக்கும். பேரிங் அதைத்தான் உணரும்.

நல்ல பிராண்டு கேனில் மலிவு ஆயிலை அடைத்து விற்றாலும் அடர்த்தி பெரும்பாலும் காட்டிக்கொடுக்காது. மலிவு ஆயிலும் அதேபோன்ற மினரல் எண்ணெய்தான், இல்லாதது அடிட்டிவ், அதாவது என்ஜினைக் காக்கச் சேர்க்கும் பொருட்கள். ஜாசோ என்ற ஜப்பானியத் தரநிலையின் எம்.ஏ.2 ஆயிலுக்கும் ஸ்கூட்டருக்கான எம்.பி. ஆயிலுக்கும் அடர்த்தி ஒன்றாகவே இருக்கலாம். ஆயிலில் நனையும் கிளட்ச் உள்ள பைக்கில் எம்.பி. ஊற்றினால் கிளட்ச் வழுக்கும் அபாயம் உண்டு.

கெட்டித்தன்மையைப் பார்க்க வேறு வழி தேவை. 20 மி.லி. சிரிஞ்ச் ஒன்றை வாங்கி, ஊசியையும் உள்தண்டையும் கழற்றுங்கள். நுனியை விரலால் மூடி, புதிய ஆயிலை 20 கோடு வரை நிரப்பி, நேராக நிறுத்தி, விரலை எடுங்கள். 20இலிருந்து 10 கோட்டுக்கு இறங்க எத்தனை விநாடி என்று போனில் பாருங்கள். சிரிஞ்சைத் துடைத்துவிட்டு, அதே கிரேடின் பழைய ஆயிலுக்கும் அந்த நேரத்தைப் பாருங்கள். மூன்று முறை அளந்து சராசரி எடுத்தால் நம்பலாம்.

இங்கே தப்பு நடப்பது வெப்பத்தில். அறை வெப்பத்தில் ஒரு டிகிரி மாறினாலே பாகுத்தன்மை சுமார் 5 சதவீதம் மாறும். என்ஜினிலிருந்து அப்போது வடித்த ஆயிலையும் அலமாரியில் இருந்த ஆயிலையும் ஒப்பிட்டால் எதுவும் தெரியாது. இரண்டையும் மூடிய பாட்டில்களில் ஒரே வாளித் தண்ணீரில் ஒரு மணி நேரம் வைத்து, வெப்பம் ஒன்றாக இருப்பதை தெர்மாமீட்டரில் உறுதி செய்த பிறகே தொடங்குங்கள். பழைய ஆயிலைத் தொடும்போது கையுறை போடுங்கள்.

பழைய ஆயில் 20 சதவீதத்துக்கு மேல் வேகமாக இறங்கினால் இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று எரிபொருள் கலப்பு. குறுகிய தூரம் மட்டும் ஓடும் வண்டிகளில் அதிகம், முகர்ந்தாலே பெட்ரோல் வாடை வரும். மற்றொன்று, கிரேடைத் தாங்கிப் பிடிக்கும் பாலிமர் கியர் பற்களில் அரைபட்டு உடைவது. என்ஜினுக்கும் கியருக்கும் ஒரே ஆயில் ஓடும் பைக்குகளில் இது சகஜம், ‘50’ ஆக ஊற்றியது ‘40’ ஆக வெளியே வரும். பழைய ஆயில் மெதுவாக இறங்கினால் சூட்டில் கெட்டிப்பட்டிருக்கிறது, அல்லது டீசல் என்ஜின் என்றால் கரி சேர்ந்திருக்கிறது. மாற்றும் இடைவெளியைக் குறைக்க வேண்டும்.

தண்ணீர் கலந்ததா என்பதில் மட்டும் அடர்த்தி வித்தியாசம் நேரடியாகக் கைகொடுக்கும். தண்ணீர் ஆயிலைவிட கனம் என்பதால் இரவு முழுக்க நின்ற வண்டியில் அடியில் தங்கும். காலையில் ஸ்டார்ட் செய்யாமல், டிரெயின் போல்ட்டை மெல்லத் தளர்த்தி, முதலில் வருவதைத் தெளிந்த கண்ணாடி டம்ளரில் பிடியுங்கள். அடியில் தனிப் படலமாகவோ முத்துக்களாகவோ தெரியும். ஆயில் பால்காபி நிறத்தில் கலங்கியிருந்தால் தண்ணீர் கலந்து இறுகிவிட்டது, பிரியாது. அப்போது 130 டிகிரிக்கு மேல் சூடான தட்டில் ஒரே ஒரு சொட்டை விடுங்கள். படபடவென்று வெடித்தால் தண்ணீர்தான். கண்ணாடி அணிந்துகொண்டு, ஒரு சொட்டுக்கு மேல் விடாமல் செய்யுங்கள். காரில் இப்படி வந்தால் கூலண்ட் மட்டத்தையும் உடனே பாருங்கள். அதுவும் குறைந்திருந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சோதிக்காமல் வண்டியை எடுக்க வேண்டாம்.